எட்டு நாள் பழுது

நல்ல செய்தி எதையாவது கொண்டுபோய்ச் சொன்னால் அக்கா முதலில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அது எத்தனை மணிக்கு நல்ல செய்தியாக இருந்தது என்று மனத்துக்குள் குறித்துக்கொள்வதைப் போல. பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கோபமும் இல்லாமல் கனிவும் இல்லாமல் கேட்பார்:

"சரி. வேற என்னவா இருக்கலாம்?"

மாமாக் சாப்பாட்டுக் கடையில் இன்றைக்கு ரொட்டி சானாய் பிரமாதம் என்றால், "பசியா இருக்கலாம் தம்பி." மழை விட்டுவிட்டது என்றால், "மழ மூச்சு வாங்கறதா இருக்கலாம்." என் மனைவி உண்டாகியிருக்கிறாள் என்று, பெற்ற தாய்க்குக்கூடச் சொல்வதற்கு முன்னால், படியேறி ஓடிப்போய் நான் சொன்ன காலையிலும் அதே கேள்விதான்.

"டாக்டர் பாத்தாங்களா? ஒரு தரம்தான் டெஸ்ட் பண்ணுனீங்களா?"

என் சிரிப்பு இறங்க இடமில்லாமல் முகத்திலேயே நின்றது. அதன்பிறகு அன்று காலை முழுவதும் அவரிடம் நான் பேசவில்லை. மத்தியானம் சாப்பிட்டுத் திரும்பினால் என் மேசைமேல் ஒரு டப்பா. திறந்தேன். உரித்த மாதுளை. 'வீட்டுக்கு' என்று எழுதி ஒட்டியிருந்தது. ஒரு முத்துகூட நசுங்கவில்லை. அக்கா அப்படித்தான். ஒன்றை நம்புவதற்கு அவருக்கு நாளாகும். அதற்குள் மாதுளையை உரித்து வைத்துவிடுவார்.

ஈப்போவின் ஓரத்தில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு முதுகைக் காட்டி நின்ற ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நாங்கள் வேலை செய்தோம். அது ஓர் ஆய்வுக்கூடம். அக்கா என்று நான் கூப்பிட்ட அவர் ஆய்வாளர். நான், ஜெலாப்பாங் தொழிற்சாலைகளில் பத்து வருடம் இயந்திரங்களோடு கத்திப் பேசிப் பழகியபின் அங்கே வந்து சேர்ந்த டெக்னீஷியன். இருவருக்குமே ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கிற ஒப்பந்தம். என் பொறுப்பில் இருந்தது ஓர் எஃகுக் கலமும், அதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் பம்பும். காற்றில்லாத கலத்துக்குள் ஒரு சிட்டிகைப் பவுடரைச் சூடாக்கினால், அது ஆவியாகி மேலே தொங்கும் கண்ணாடித் துண்டில் போய்ப் படியும். அந்தப் படலம் தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதற்குக் கீழும் மேலும் மின்சாரம் பாய்வதற்கான பூச்சுகள். கரண்ட் கொடுத்தால் படலம் ஒளிரும். விலை கூடிய கைப்பேசிகளின் திரை இப்படித்தான் ஒளிர்கிறது. அதில் இப்போது யாருக்கும் வியப்பில்லை.

அக்காவுக்கு வேண்டியது விளக்கு அல்ல. லேசர்.

"வெளக்குன்னா கூட்டம், தம்பி. தைப்பூசம் முடிஞ்சு கலையிற கூட்டம். அவனவன் பாட்டுக்கு ஒரு பக்கமா போவான். லேசர் அப்டி இல்ல. அத்தன பேரும் ஒரே நேரத்துல ஒரே கால எடுத்து வைக்கணும்."

வேறொரு லேசரின் ஒளியை மேலே பாய்ச்சினால் அதே படலம் சொன்ன பேச்சைக் கேட்டது. கூர்மையாக, ஒழுங்காக, லேசராகவே ஒளிர்ந்தது. "அது அடுத்த வீட்டு அடுப்புல சோறாக்கற மாதிரி" என்பார் அக்கா. நேராக மின்சாரம் கொடுத்து அதை அப்படி ஒளிர வைப்பதில்தான் இருந்தது பாடெல்லாம். கொஞ்சமாகக் கொடுத்தால் போதவில்லை. போதுமான அளவு கொடுத்தால் கருகியது.

"நாலு பேர வேலைக்கு அனுப்புனா ஒருத்தன்தான் வெளிச்சம் குடுக்கறான். மிச்சம் மூணு பேரும் வாசல்ல குந்திக்கிட்டு, அவன் குடுக்கற வெளிச்சத்தையும் முழுங்கிடறானுங்க. கேட்டா குவாண்டம்ங்கறானுங்க."

"நம்ம ஆபீஸ் மாதிரிதான் லா, அக்கா."

"ஆபீஸ்ல நாலுல ஒருத்தன் வேலை செய்யிறானா? நல்லா எண்ணிப் பாத்தீங்களா?"

இப்படியே போயிற்று. திங்கட்கிழமை செய்தது செவ்வாய்க்கிழமை செத்தது. செவ்வாய்க்கிழமை செய்தது அன்றைக்கே செத்தது. கண்ணாடித் துண்டின் நடுவே கடுகளவு கறுப்புப் புள்ளி விழும், அதுதான் சாவு. அக்கா அதை உருப்பெருக்கியின் கீழே வைத்து வெகுநேரம் பார்ப்பார். பிறகு நோட்டில் எழுதுவார். பிறகு சர்க்கரையில்லாத தேநீர், அவர் சொல்கிற தே ஓ கோசோங், ஒரு குவளை. பிறகு அடுத்தது. அவர் பெருமூச்சு விட்டு நான் கேட்டதில்லை. நாற்காலியிலிருந்து எழும்போது மட்டும் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு நொடி அப்படியே குனிந்து நிற்பார். களைப்பைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அவ்வளவுதான்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, செம்பனைக்கு நடுவே வீடுகள் வந்து, அவருடைய அண்ணன் மட்டும் அங்கேயே லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஈப்போவுக்குச் சரக்கோடு வரும் நாட்களில் லாரியைக் கீழே நிறுத்திவிட்டு, படிக்கட்டு அதிர மேலே வருவார்.

"என்னா தங்கச்சி, எரியுதா?"

"எரியுது."

"அப்பறம் என்னா? எரியறத எரியுதுன்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான?"

அந்த அண்ணன்தான் ஒருநாள், அக்காவை வைத்துக்கொண்டே, அவர் ஏன் இப்படி என்று என்னிடம் காரணம் சொன்னார். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைப் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு வந்து, அக்கா தோட்டத்து வரிசை வீடுகள் முழுக்க மிட்டாய் கொடுத்தாராம். அப்பா வேலைக்காட்டில் எல்லோரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாராம். மறுநாள் பார்த்தால் அது இவர் பெயரிலேயே இருந்த வேறொரு பெண். "அன்னிக்குப் புடிச்சது தம்பி, இந்தச் சந்தேகம்."

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது ஒரு காரணமா இருக்கலாம். வேற என்னவும் இருக்கலாம்" என்றார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

தைப்பிங்கிலிருந்து ஓர் ஆசிரியர் சில மாதங்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார். மனைவியை இழந்தவர், அமைதியானவர். எப்போதும் மழையில் நனைந்த குடையோடுதான் வருவார். அவருக்கு அக்காவைப் பிடித்திருந்தது. அதை ஒரு சனிக்கிழமை மாமாக் கடையில் வைத்து, நானும் எதிரே உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் மறந்து, சொல்லியே விட்டார். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டாம் அக்கா, இவரிடம் வேண்டாம் என்று மேசைக்கடியில் காலால்கூடத் தட்டினேன்.

"தனியா இருக்கறது கஷ்டமா இருக்கறதால இருக்கும் சார்" என்றார் அக்கா, உண்மையான அக்கறையோடு. "அதுவா இருக்குமோன்னு பாத்தீங்களா?"

அவர் பார்த்திருப்பார் போல. அதன்பின் வரவில்லை.

இப்போது அக்கா அந்தத் தைப்பிங் பக்கத்திலேயே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருப்பதாக அண்ணன் சொன்னார். மருத்துவமனைக் கையுறைகளில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எந்த விரலில் ஊசித் துளையிருந்து சொட்டுகிறது என்று பார்க்கிற வேலை. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. அவர் அங்கே போனதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்.

ஆய்வுக்கூடத் திரையில் ஓர் ஊசி வந்த நாளைச் சொல்ல வேண்டும்.

ஒளிரும் படலத்தின் ஒளியைக் கருவியில் கொடுத்தால் திரையில் ஒரு மேடு தெரியும். மழையில் கரைந்த மண்மேடு போல அகலமாக, சோம்பலாக. விளக்கு என்றால் அந்த மேடு. லேசர் என்றால் ஊசி. அன்று நீலப் பவுடர் போட்ட சாதனம். எங்கள் திட்டத் தலைவரான பேராசிரியர் சொன்னபடி கரண்ட்டை அதுவரை போகாத அளவுக்கு ஏற்றினோம், ஒரு கண்சிமிட்டலுக்கும் குறைவான நேரத்துக்கு. மேட்டின் தோளில் ஓர் ஊசி எழுந்தது. செங்குத்தாக, ஒல்லியாக, சன்னலுக்கு வெளியே நின்ற குன்றுகளைப் போல. சாதனம் உடனே செத்தது. இன்னொன்றை வைத்தோம். அதே இடத்தில் அதே ஊசி. அதுவும் செத்தது.

நான் கத்திவிட்டேன். பேராசிரியர் ஓடி வந்தார். ஈப்போச் சீனர், நல்ல மனிதர், ஆங்கிலத்தில் எவ்வளவு கனமாகத் தொடங்கினாலும் கடைசியில் எங்கள் ஊர்ப் பேச்சுக்கே உரிய ஒரு லாவில் வந்து இறங்குவார். "வந்துவிட்டது லா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். எட்டு நாளில் எங்களுக்கு நிதி கொடுத்தவர்களின் குழு வரவிருந்தது. திட்டத்தை நீட்டிப்பதா மூடுவதா என்று முடிவு செய்ய. அன்றைக்கு இந்தப் படத்தைக் காட்டினால் போதும்.

அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒளிக்கத்தை எங்க சார்? லேசர்னா நேரா ஒரு கத்தை வரணுமே?"

"அளப்பதற்குள் செத்துவிடுகிறதே. பிறகு அளக்கலாம்."

"சாகும்போதுதான் ஊசி வருது" என்றார் அக்கா, திரையைப் பார்த்தபடி. பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, எல்லாம் அப்டியே இருக்கட்டும். நீலப் பவுடருக்குப் பதிலா பச்ச போட்டு ஒண்ணு செஞ்சு குடுங்க."

எனக்குப் புரிந்தது. பச்சைப் பவுடரின் மேடு வேறு இடத்தில் இருக்கும். ஊசி உண்மையான லேசர் என்றால் பச்சைக்கு அது நீலத்தின் இடத்தில் வரக்கூடாது. வந்தால் அது பவுடரின் ஒளியே அல்ல. கண்ணாடியின் பூச்சில் இண்டியம் என்ற உலோகம் இருக்கிறது. அளவுக்கு மீறிய கரண்ட்டில் அது ஆவியாகி எரியும்போது தனக்கே உரிய ஒரு நீலக்கோட்டைக் காட்டும். பிறப்பு என்று நாங்கள் குதித்தது ஒரு சாவின் வெளிச்சமாக இருக்கலாம்.

நாளைக்குச் செய்கிறேன் என்றேன்.

மனைவிக்கு ஏழாவது மாதம். ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. மறுநாள் காலை, பம்ப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு வெட்கமும் இல்லாமல் சொன்னேன்:

"பம்ப் இழுக்க மாட்டேங்குது அக்கா. எண்ணெய் கெட்டுப்போச்சு போல."

"அப்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். மூன்றாம் நாள் என் அறைக்கு வந்தார். ஓடிக்கொண்டிருந்த பம்பின்மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நின்றார், காய்ச்சல் பார்ப்பதைப் போல. அது சீராக முனகிக்கொண்டிருந்தது. கலத்தின்மேல் இருந்த அளவுமானியில் சிவப்பு எண்கள் எப்போதும்போல எரிந்தன, கலத்துக்குள் காற்றே இல்லை என்று சொல்லிக்கொண்டு. அவற்றைப் படித்தார். நான் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்தேன்.

"சரியானதும் சொல்லுங்க தம்பி" என்றார்.

அந்த எட்டு நாளைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். நானாகவே செய்யட்டும் என்று காத்திருந்தார் என்று முதலில் நினைத்தேன். இப்போது அது மட்டும்தானா என்று தெரியவில்லை. அந்த வாரம் அக்கா புதுச் செருப்பு வாங்கினார். எங்களோடு உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிட்டார், இரண்டாவதும் கேட்டார். ஒருநாள் சன்னலோரம் நின்று ஏதோ பழைய மெட்டை முனகிக்கொண்டிருந்தார். ஊசிப் படம் மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தது. நான் உள்ளே வந்ததும் முனகல் நின்றது. அத்தனை வருடச் செத்த கண்ணாடிகளுக்குப் பிறகு, அது வந்துவிட்டது என்ற உலகத்தில் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவோம் என்று அவருக்கும் தோன்றியிருக்கலாம். அவரிடம் நான் கேட்கவில்லை.

எட்டாம் நாள் காலை ஏழு மணிக்கு நான் வந்தபோது என் அறையில் விளக்கு எரிந்தது. அக்கா முழங்கைவரை கையுறையோடு கலத்துக்கு முன்னால் நின்றார். பச்சைப் பவுடரை அவரே வைத்திருந்தார். மனு கொடுக்கிற குரலில் பேச ஆரம்பித்தேன்.

"அக்கா. குழு மத்தியானம் வருது. காட்டிட்டு அப்பறமா பாக்கலாம் லா. ஒரே ஒரு நாளு. எனக்கு வீட்ல…"

"தெரியும் தம்பி." திரும்பவில்லை. "அந்த வால்வ மூடுங்க. எனக்கு எட்டல."

மூடினேன். அதற்குப் பிறகு காலை முழுவதும் அவர் சொன்னதையெல்லாம் செய்தேன். பகல் பன்னிரண்டரைக்குச் சாதனம் தயார். கரண்ட்டை ஏற்றினோம். திரையில் பச்சைக்குரிய இடத்தில் பச்சை மேடு. அதிலிருந்து வெகுதூரத்தில், பச்சையின் ஒரு துளிகூட இருக்கக்கூடாத அதே நீலத்தின் இடத்தில், ஊசி.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேசையில் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார்.

குழுவில் மூன்று பேர். பேராசிரியர் புதுச் சட்டை போட்டிருந்தார். அக்கா இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார், ஊசியின்மேல் ஊசி. "இது லேசர் இல்லை. எங்கள் மின்முனைப் பூச்சு எரிகிற வெளிச்சம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பேராசிரியரின் முகத்தில் கோபமில்லை, ஒரு வயோதிகம் மட்டும் சட்டென்று வந்து உட்கார்ந்தது. "கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் மெதுவாக. லா வரவில்லை.

குழுவில் ஒருவர், நரைத்த மீசைக்காரர், பேனாவைத் தட்டினார். "இது அரைநாள் சோதனை. எட்டு நாளுக்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள் என்று உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. ஏன் இன்று காலைவரை நடக்கவில்லை? யார் தாமதித்தது?"

நான் கதவோரம் நின்றிருந்தேன். அந்த நோட்டில் எழுதுவதற்கு முன் எதையும் மூன்று முறை சரிபார்க்கிறவர் அக்கா. பம்பின்மேல் கை வைத்துப் பார்த்தவர். சிவப்பு எண்களைப் படித்தவர்.

"பம்ப் பழுது" என்றார். "எட்டு நாள்."

என் பக்கம் திரும்பவில்லை. மீசைக்காரர் எழுதிக்கொண்டார்.

திட்டம் மூடப்பட்டது. அக்காவின் ஒப்பந்தம் மாதக் கடைசியில் முடிந்தது. இயந்திரத்தை வேறு ஆய்வுக்குழுவுக்குக் கொடுத்தார்கள், இயந்திரத்தோடு என்னையும். என் பேரில் ஒரு குறையும் எழுதப்பட்டிருக்கவில்லை. அக்கா கிளம்பிய அன்று, பெட்டிகளுக்கு நடுவில் நின்று, "அக்கா, அந்த பம்ப்…" என்று ஆரம்பித்தேன்.

"இந்தப் பக்கம் தூக்குங்க தம்பி, முதுகு வலிக்குது" என்றார். தூக்கினேன். கீழே அண்ணனின் லாரி நின்றது. ஏறி உட்கார்ந்ததும், வீட்டில் பிள்ளை பிறந்தால் தகவல் சொல்லச் சொன்னார். பெண் பிறந்தது. சொன்னேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு, "எல்லாருக்கும் காட்டுங்க" என்றார்.

அக்கா போன அடுத்த வாரமே அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். பழுது என்று அறிக்கையில் இருக்கிறது, பழுது பார்த்ததாகத் தாள் வேண்டும் என்று. ஜெலாப்பாங்கிலிருந்து வந்த மெக்கானிக், எனக்குத் தெரிந்தவர்தான், பம்பை நிறுத்தி, அடியில் ஒரு வாளியை வைத்து, மரையைக் கழற்றினார். கெட்ட எண்ணெய் கறுப்பாக, கட்டி கட்டியாக விழும். இது தேன் நிறத்தில், நூல் அறாமல் இறங்கியது. விரலால் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்னா அண்ணே, இது நல்லாத்தான இருக்கு? இதுல என்னா பழுது?"

வாளி நிறைந்துகொண்டிருந்தது. அடி தெரிந்தது, அவ்வளவு சுத்தம்.

"கொட்டிருங்க" என்றேன். தாளை வாங்கி, பழுது இருந்தது என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.